ஏடிஎம் கார்டும் நாலு கோடி இலக்கமும்

ஒரு விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல். இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி, அதனால கொட்டித் தீர்த்துடறேன். கணக்குன்னாலே அலர்ஜிங்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன்.

2024 அக்டோபர் 21ம் தேதி ஒரு பகா எண்ணை அறிவிச்சாங்க. 2^136279841 - 1. அதாவது 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 ரெண்டுகளை வரிசையா எழுதி, எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, கடைசியில ஒண்ணு கழிச்சா வர்ற எண். கண்டுபிடிச்சவர் லூக் டுராண்ட், முன்னாடி என்விடியாவுல வேலை பார்த்தவர். மொத்தம் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம். நொடிக்கு ஒரு இலக்கம்னு சாப்பிடாம தூங்காம படிச்சா 475 நாள் ஆகும். அதுக்கு முன்னாடி 2018ல வந்த சாதனை எண்ணுக்கு ரெண்டரைக் கோடி இலக்கம்கூட கிடையாது.

செய்தி வந்த உடனே நம்மாளுங்க வழக்கம்போல ரெண்டு கட்சியா பிரிஞ்சிட்டாங்க. ஒரு கட்சி, "வேலை வெட்டி இல்லாதவன் வேலை, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" இன்னொரு கட்சி, "அட மூடர்களே, உங்க ஏடிஎம் கார்டும் நெட் பேங்கிங்கும் பத்திரமா இருக்கறதே இந்த மாதிரி எண்களாலதான்!"

முதல் கட்சி மேல எனக்குக் கோவமே இல்ல. அவங்க கேக்கறது நியாயமான கேள்வி. ரெண்டாவது கட்சிதான் பிரச்சினை. கணக்குக்கு வக்காலத்து வாங்கறேன்னு வந்து பொய் சாட்சி சொல்லிட்டுப் போறாங்க. தெரியாம சொன்னா பரவாயில்ல. பாதி தெரிஞ்சுகிட்டு சொல்றாங்க பாருங்க, அதுதான்.

அந்தப் பாதி என்னன்னு பார்ப்போம். ஆர்.எஸ்.ஏ.ன்னு ஒரு முறை இருக்கு. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன்னு மூணு பேர் 1977ல உருவாக்கினது. ரெண்டு பெரிய பகா எண்ணை எடுத்துப் பெருக்கணும். பெருக்கின விடையை ஊருக்கே சொல்லலாம். எந்த ரெண்டைப் பெருக்கினோம்ங்கறதுதான் ரகசியம். 11ஐயும் 23ஐயும் பெருக்கி 253ன்னு எட்டாங்கிளாஸ் பையன் சொல்லிடுவான். 253ஐக் குடுத்து காரணி கேட்டா கொஞ்சம் யோசிப்பான். இலக்கம் ஏற ஏற பெருக்கறது சுலபமாவே இருக்கும், பிரிக்கறது உலகத்துல உள்ள கம்ப்யூட்டரையெல்லாம் கூட்டி வெச்சாலும் முடியாத காரியமாயிடும். இது வரைக்கும் சரி.

ஆனா அங்க பயன்படற பகா எண் எவ்வளவு பெருசு? 2048 பிட் சாவின்னு சொல்றாங்களே, அதுல ரெண்டு பகா எண் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் சுமார் 308 இலக்கம். நொடிக்கு ஒண்ணுன்னு படிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். அஞ்சு நிமிஷம் எங்க, 475 நாள் எங்க?

அதைவிட முக்கியமான விஷயம், அந்த ரெண்டு எண்ணும் யாருக்கும் தெரியக்கூடாது. டுராண்ட் கண்டுபிடிச்ச எண்ணை உலகமே பேப்பர்ல படிச்சாச்சு. அதைப் போட்டு ஒருத்தன் சாவி செஞ்சான்னு வைங்க. அவனோட பொது எண்ணை இந்த எண்ணால ஒரே ஒரு தடவை வகுத்தா இன்னொரு ரகசியமும் கையில வந்துடும். வீட்டுச் சாவியை ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷன் நோட்டீஸ் போர்டுல மாட்டிட்டு "எவ்ளோ பெரிய சாவி பார்த்தியா"ன்னு பெருமைப்படற கதை. பூட்டுக்கு நல்ல பகா எண்ணுன்னா யாருமே கேள்விப்படாத, பேரு இல்லாத, பத்தோட பதினொண்ணா இருக்கற எண். சாதனை எண் அதுக்கு நேர் எதிர்.

அப்ப அந்த 308 இலக்க எண்ணை எங்கிருந்து கொண்டு வர்றாங்க? எந்தப் பட்டியல்லருந்தும் இல்ல. கம்ப்யூட்டர் கண்ணை மூடிட்டு ஒரு ஒற்றைப்படை எண்ணைப் பொறுக்கும், பகா எண்ணான்னு சோதிக்கும், இல்லன்னா அடுத்தது. அந்த அளவுல சராசரியா 710 எண்ணுக்கு ஒண்ணு பகா எண். இரட்டைப்படையை விட்டுட்டா 355க்கு ஒண்ணு. அதனால கண்ணிமைக்கற நேரத்துல மாட்டிக்கும். அந்த அளவுல மொத்தம் எத்தனை இருக்குன்னு கேட்டா, 1க்குப் பின்னால 305 சைபர் போட்டுக்குங்க, கிட்டத்தட்ட அவ்வளவு. தீர்ந்து போகுமோன்னு யாரும் கவலைப்பட வேணாம்.

நடுவுல ஒரு அதிபுத்திசாலி கை தூக்குவார், தெரியும். "ஐயா, எல்லாருக்கும் தெரிஞ்ச பகா எண்ணை வெச்சே பூட்டு செய்யறாங்களே, நீள்வட்ட வளைவு முறை?" கரெக்டு. அதுல பகா எண் வெளிப்படைதான், ரகசியம் வேற இடத்துல இருக்கு. அதுல ஒரு வகையில 2^521 - 1ன்னு ஒரு மெர்சென் பகா எண்ணே உபயோகத்துல இருக்கு. அதுக்கு 157 இலக்கம். ராபின்சன்ங்கறவர் 1952லயே கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சது. அதாவது பூட்டுக்காரங்களுக்கு வேண்டிய மெர்சென் எண் எழுபது வருஷத்துக்கு முன்னாடியே கிடைச்சாச்சு. நாலு கோடி இலக்கத்துக்கு அவங்க கியூவுல நிக்கல. போதுமா?

இதே குழப்பம்தான் பகா எண்ணான்னு சோதிக்கறதையும் காரணி கண்டுபிடிக்கறதையும் ஒண்ணாப் போட்டு அடிக்கறது. 2002 ஆகஸ்ட்ல கான்பூர் ஐஐடில மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்ஸேனா மூணு பேரும் ஒரு எண் பகா எண்ணா இல்லையான்னு சந்தேகத்துக்கு இடமில்லாம, நியாயமான நேரத்துல சொல்ற வழியைக் கண்டுபிடிச்சாங்க. அதுல ரெண்டு பேர் அப்பதான் பி.டெக் முடிச்ச பசங்க. உலகமே எழுந்து நின்னு கை தட்டிச்சு, 2006ல கோடல் பரிசும் குடுத்தாங்க. இன்னிக்கும் யாராவது ஒருத்தர் "இந்தியர்கள் ஆர்.எஸ்.ஏ.வை உடைச்சிட்டாங்க"ன்னு அதைப் பத்தி எழுதறார். உடைக்கல சாமி! பகா எண் இல்லைன்னு சொல்றதுக்கு காரணி தெரிய வேண்டிய அவசியமே இல்ல. 2^67 - 1 பகு எண்ணுன்னு 1876லயே லூக்கா நிரூபிச்சிட்டார். ஆனா எதை எதால பெருக்கினா அது வருதுன்னு கோல்ங்கறவர் 1903லதான் காட்டினார், 193707721 பெருக்கல் 761838257287ன்னு. நடுவுல 27 வருஷம். ரெண்டும் ஒரே வேலையா இருந்தா எதுக்கு 27 வருஷம்?

லூக்கா பேரைச் சொல்லிட்டதால அந்தச் சோதனையையும் சொல்லிடறேன். இந்தப் பதிவுலயே அழகான சமாச்சாரம் அதுதான், திட்டறதை விட்டுட்டு கொஞ்சம் ரசிப்போமே. பேனா எடுங்க. 31ங்கறது 2^5 - 1. நாலுல ஆரம்பிங்க. அதை அதாலயே பெருக்கி ரெண்டு கழிங்க, 14. மறுபடி அதே, 194. 31ஐ விடப் பெருசாயிடுச்சு, அதனால 31ஆல வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்குங்க, 8. மறுபடி, 62. 31ஆல வகுத்தா மீதி சைபர். அடுக்கு 5ங்கறதால 5 - 2 = 3 தடவை செய்யணும், செஞ்சாச்சு, சைபர் வந்தாச்சு. அப்ப 31 பகா எண். அவ்வளவுதான். இப்ப 2^11 - 1, அதாவது 2047க்கு இதையே 9 தடவை செஞ்சு பாருங்க, கடைசியில 1736 மீதி வரும். சைபர் இல்ல, அதனால பகா எண் இல்ல. (2047 = 23 × 89.) அடுக்கு பகா எண்ணா இருந்தாதான் மெர்சென் எண் பகா எண்ணாகும், ஆனா அடுக்கு பகா எண்ணா இருந்தா மட்டும் போதாது. 11 அதுக்கு முதல் சாட்சி.

டுராண்டோட எண்ணுக்கு இதே வேலையை 13,62,79,839 தடவை செய்யணும். ஒவ்வொரு தடவையும் நாலு கோடி இலக்க எண்ணை அதாலயே பெருக்கணும். முதல்ல டப்ளின்ல இருந்த ஒரு ஜிபியு அக்டோபர் 11ம் தேதி "இது பகா எண்ணாதான் இருக்கணும் போல"ன்னு சொல்லிச்சு. மறுநாள் டெக்சாஸ்ல இன்னொண்ணு லூக்கா-லேமர் சோதனையை முடிச்சு சைபர் காட்டுச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல லூக்கா காட்டின வழிதான், அதை லேமர் தீட்டிக் குடுத்தார்.

இந்த எண்ணை கம்ப்யூட்டருக்குள்ள எழுதினா வெறும் ஒண்ணு மட்டும்தான், 136279841 ஒண்ணு வரிசையா நிக்கும், ஒரு சைபர்கூட இல்லாம. நம்ம முறையில எழுதினா கடைசி ரெண்டு இலக்கம் 51. இதுக்கு கம்ப்யூட்டரே வேணாம். 2ன் அடுக்குகளோட கடைசி ரெண்டு இலக்கம் இருபது அடுக்குக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பி வரும் (முதல் அடுக்கு மட்டும் விதிவிலக்கு), அதனால 136279841க்கு வர்றது 21வது அடுக்குக்கு வர்றதேதான். 2^21 = 2097152. ஒண்ணு கழிச்சா 51. நாலு கோடி இலக்கத்தோட வாலை ரெண்டு வரியில புடிச்சாச்சு. அப்புறம் 6, 28, 496ன்னு வர்ற நிறைவு எண் பரம்பரையிலயும் இதனால ஒரு புது வாரிசு. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவு எண்ணைக் கூட்டிட்டுதான் வரும். தெரிஞ்ச மெர்சென் பகா எண்கள்ல இது 52வது. இவை முடிவில்லாம போகுதா, எங்கயாவது நின்னுடுமான்னு இன்னும் யாராலயும் நிரூபிக்க முடியல.

"தெரிஞ்ச"ங்கற வார்த்தையை மறுபடி படிங்க. செய்தித் தலைப்புகள்ல முதல்ல காணாம போறது அதுதான். "உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு"! அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு யூக்ளிட் 2300 வருஷத்துக்கு முன்னாடியே முடிச்சு வெச்ச கேஸ். வேலூர்க்காரங்களுக்கு இதை ஒரு வருஷத்தை வெச்சே சொல்லலாம். 2ல ஆரம்பிங்க. ஒண்ணு கூட்டினா 3. 2 × 3 + 1 = 7. 2 × 3 × 7 + 1 = 43. இப்ப 2 × 3 × 7 × 43 எவ்வளவு? 1806! கோட்டையில சிப்பாய்கள் எழுந்த வருஷம். (புதுத் தலைப்பாகையில தோல் குஞ்சம் மாட்டச் சொன்னது அந்தக் கலகத்துக்கு ஒரு காரணம். தோலுக்கும் எங்க ஊருக்கும் அப்பவே ராசி இல்ல.) 1806ஓட ஒண்ணு கூட்டினா 1807. இதுவும் பகா எண்ணா இருக்கும்னு நினைப்பீங்க. இல்ல, 13 × 139. ஆனா 13ம் சரி, 139ம் சரி, நம்ம கையில இருந்த 2, 3, 7, 43ல இல்லாத புதுசு. யூக்ளிட் சொன்னதும் அவ்வளவுதான். கையில எத்தனை பகா எண் இருந்தாலும் எல்லாத்தையும் பெருக்கி ஒண்ணு கூட்டு, உள்ள ஒரு புது ஆள் உக்காந்திருப்பான். பாதி கணக்கு வாத்தியார்கள் "கூட்டி வர்றதே பகா எண்"ணுன்னு சொல்லிக் குடுக்கறாங்க, அதுவும் தப்பு. 1807ஐக் காட்டுங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கு, பகா எண்ணுன்னு ஆரம்பிச்ச உடனே "நம்ம ராமானுஜன்"னு வந்துடுவாங்க. ராமானுஜன் மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா அவர் 1913ல ஹார்டிக்கு எழுதினதுல பகா எண்களை எண்றதைப் பத்தின பகுதிதான் சறுக்கினதுன்னு இவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பேரைச் சொல்லிக் கும்புடறதோட சரி. எஸ்.எஸ்.பிள்ளைன்னு கேட்டா முழிப்பாங்க. 1901ல குற்றாலம் பக்கத்துல வல்லத்துல பொறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பன்னெண்டு வருஷம் பாடம் எடுத்தவர். வேரிங் கணக்குல, எந்த எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளோட கூட்டலா எழுதிடலாம்னு 1940ல நிரூபிச்சவர். 1950 ஆகஸ்ட் 31ம் தேதி அமெரிக்கா போற வழியில கெய்ரோ பக்கத்துல விமான விபத்துல போயிட்டார். அவர் பேருல பகா எண்ணே இருக்கு, பிள்ளை பகா எண்கள். முதலாவது 23. 14!ஓட ஒண்ணு கூட்டினா 23ஆல மீதி இல்லாம வகுபடும், ஆனா 23ஐ 14ஆல வகுத்தா மீதி ஒண்ணு வராம 9 வரும். இந்தக் குணம் உள்ள பகா எண்கள்தான் அவை. 2047ஐப் பிளந்த அதே 23தான், கவனிச்சீங்களா? இவருக்கு நம்ம ஊர்ல எத்தனை தெரு?

சரி, முதல் கட்சிக்கு நேர்மையான பதில் என்ன? இந்த நாலு கோடி இலக்க எண்ணால நேரடிப் பிரயோஜனம் எதுவும் இல்ல. அவ்வளவுதான். தைரியமா சொல்லுங்க. பக்கவாட்டுல கிடைச்சது வேணா நிறைய. 1994ல தாமஸ் நைஸ்லிங்கற பேராசிரியர் இரட்டைப் பகா எண்களோட தலைகீழிகளைக் கூட்டிட்டிருந்தப்ப விடை ஒத்து வரல. கடைசியில பார்த்தா பென்டியம் சிப்பே தப்பா வகுக்குது! இன்டெல் அதுக்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்துச்சு. 2016ல இன்டெலோட ஸ்கைலேக் சிப் உறைஞ்சு போற கோளாறை வெளிய கொண்டு வந்ததும் மெர்சென் எண் தேடற மென்பொருள்தான். மாசக்கணக்குல ஒரு இலக்கம் பிசகாம கம்ப்யூட்டரைப் பிழியற வேலை வேற எதுவும் இல்ல, அதனால சிப்போட பொய்யெல்லாம் இங்க வந்து மாட்டும். இதைச் சொல்லலாமே? உண்மையா இருக்கறதைச் சொல்லாம எதுக்கு ஏடிஎம் கார்டு?

பொய் சொன்னா என்ன குடி முழுகிடும்னு கேக்கறவங்களுக்கு எங்க ஊர்க் கதை.

நான் ஷூ கம்பெனி எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன்ல குப்பை கொட்டறவன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, எங்க போனாலும் முதலாளி பேருல ஒரு டோக்கன் இருக்கும். பென்டிரைவ் மாதிரி, டிஎஸ்சின்னு சொல்லுவோம், டிஜிட்டல் கையெழுத்து. கஸ்டம்ஸ், ஜிஎஸ்டி, கம்பெனி ரிட்டர்ன் எல்லாத்துக்கும் அதான் கையெழுத்து. அதுக்குள்ள பொதுவா என்ன இருக்கு? நான் மேல சொன்ன 308 இலக்க பகா எண் ரெண்டு. நிஜமாவே ஒரு பகா எண் எங்க ஊர் ஆளைக் காப்பாத்தற இடம்னா இதைச் சொல்லலாம். அந்த ரகசியச் சாவி டோக்கனை விட்டு வெளிய வரக்கூடாதுன்னே அதைச் செஞ்சிருக்காங்க. 2000ம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42வது பிரிவுல, சாவியைக் கைவசம் பத்திரமா வெச்சுக்கறது உன் பொறுப்புன்னு எழுதியே இருக்கு.

நடக்கறது என்ன? டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் டிராயர்ல, ரப்பர் பேண்டு போட்டு, இன்னும் பத்து கம்பெனி டோக்கனோட. பின் நம்பர் மேல ஸ்டிக்கர்ல. அதுவும் வாங்கினப்ப வந்த நம்பர், யாரும் மாத்தினது கிடையாது. ஷிப்பிங் பில் அவசரம்னா கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ் பையன் பைக்ல எடுத்துட்டுப் போவான். செக் புக்குல கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுப் போன்னு சொன்னா அடிக்க வர்ற முதலாளி, இதைக் கேள்வியே கேக்க மாட்டார். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல (பேர் வேணாம்) பார்ட்னருக்கே தெரியாம அவர் கையெழுத்துல ரெண்டு ஃபார்ம் போயிடுச்சு. யார் போட்டதுன்னு கடைசி வரைக்கும் தெரியல. சட்டப்படி அவர்தான் போட்டார்.

நான் ஒரு தடவை பெரியவர்கிட்ட வாயை விட்டேன். "பாய், அந்த டோக்கனை நீங்களே வெச்சுக்கங்க. பின்னையாவது மாத்திடுவோம்." அவர் சிரிச்சார். "அதுல ஏதோ உலகத்துலயே பெரிய நம்பர் இருக்காம்ல தம்பி, யாராலயும் உடைக்க முடியாதாம். பேரன் படிச்சுக் காட்டினான்."

அதான் சொல்றேன். எங்கயோ ஒருத்தர் கணக்கை உயர்த்தறேன்னு எழுதின ஏடிஎம் கார்டு வரி, சுத்தி வந்து ஆம்பூர்ல ஒரு டிராயர்ல உக்காந்திருக்கு. 308 இலக்கத்தையும் யாரும் உடைக்கல, உடைக்க வேண்டிய அவசியமும் இல்ல, ஸ்டிக்கரைப் படிச்சா போதும். 2012லயே ரெண்டு ஆராய்ச்சிக் குழு இணையத்துல இருக்கற லட்சக்கணக்கான பொதுச் சாவிகளைத் திரட்டி, பள்ளிக்கூடத்துல படிச்ச மீ.பொ.வ. எடுத்துப் பார்த்தாங்க. 253க்கும் 299க்கும் மீ.பொ.வ. எடுத்தா 23 வருது இல்ல? ரெண்டு பூட்டும் அதோட க்ளோஸ். அதே மாதிரி ஆயிரக்கணக்கான சாவி திறந்துகிச்சு, ஏன்னா சில பெட்டிகள் பகா எண்ணை உருப்படியா குலுக்கிப் போடாம ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எடுத்திருந்துச்சு. எண்ணோட சைஸ்ல எந்தக் குறையும் இல்ல.

பெரியவர் டோக்கன் இன்னும் அந்த டிராயர்லதான் இருக்கு. பின் நம்பரை மட்டும் போன மாசம் மாத்த வெச்சுட்டேன். புது நம்பரையும் ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிட்டாங்க.

டிஸ்கி: 10 கோடி இலக்கம் உள்ள பகா எண்ணை முதல்ல கண்டுபிடிக்கறவங்களுக்கு 1,50,000 டாலர் பரிசு அறிவிச்சு வெச்சிருக்காங்க. மெர்சென் எண் தேடற மென்பொருள் இலவசம்தான், யார் வேணா இறக்கிக்கலாம். கரண்ட் பில்லுக்கு நான் பொறுப்பில்ல :-)